அக்கா இன்னும் பாஸ் பண்ணவில்லை

எங்கள் தமிழ் ஆட்களைப் பொறுத்தவரை படிப்பு என்பது முடிக்கவேண்டிய ஒரு காரியம். சோதனை எடுத்து, பாஸ் பண்ணி, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினால் சரி. அதற்குப் பிறகும் ஒருவர் படிக்கிறார் என்றால் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறார் என்று அர்த்தம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எப்படி மறந்தேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அப்போது சுவிஸில், சூக் நகரில் ஒரு சின்ன நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். டொக்டர்மாருக்கான தொடர் சான்றிதழ்ப் பயிற்சிகளை விற்பது எங்கள் தொழில். சிறப்புப் பட்டம் வாங்கிய பிறகும் அவர்கள் புதியவற்றைப் படித்துத் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும். டொக்டர்மாரோ எங்கள் மின்னஞ்சலைக் கண்டாலே கொட்டாவி விட்டார்கள். நானோ தகுதிகாண் காலத்தில் இருந்தேன். ஏதாவது செய்து காட்டாவிட்டால் வேலை போய்விடும்.

"நோயாளிகள் இதன் மதிப்பை உணர்ந்தால் டொக்டர்மார் தாமாகவே வருவார்கள்" என்று கூட்டத்தில் அடித்துவிட்டேன். (அந்த நேரம் நான் ஒரு மேதை.) ஷெஃபினுக்கு, அதாவது எங்கள் மேலாளர் அம்மாவுக்கு, யோசனை பிடித்துப்போயிற்று. வெள்ளோட்டத்துக்கு என் சொந்த அக்காவையே கொடுத்தேன். அவள் பக்கத்து நகரமான லுசேர்ணில் குடும்ப டொக்டர். நோயாளிகளில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். அவளுடைய காத்திருப்பு அறையில் பெரிய சுவரொட்டி ஒன்று ஒட்டினேன். அக்கா தடித்த புத்தகம் ஒன்றைக் கவலையோடு பார்க்கிறாள். கீழே தமிழில்: "உங்கள் டொக்டர் இன்னும் படிக்கிறார். இந்த வருடமும் சோதனை எடுக்கிறார்."

அடுத்த கிழமையே அக்கா போன் எடுத்தாள்.

"டேய், என்னடா செய்து வைச்சிருக்கிறாய்? எல்லாரும் என்னைப் பாவமாப் பாக்கினம். ஒரு அன்ரி திருநீறு பூசிவிட்டுட்டுப் போறா. பிரஷர் பாக்க வந்தவர், 'நீ பாஸ் பண்ணினாப்பிறகு வாறன் பிள்ளை' எண்டுட்டுப் போட்டார்!"

"ஏனக்கா? அதிலை என்ன பிழை?" என்றேன். உண்மையாகவே எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அதற்கிடையில் ஷெஃபின் என்னையும் கூட்டிக்கொண்டு அக்காவின் கிளினிக்கை நேரில் பார்க்க வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை. கதவைத் திறந்தால் அறை நிறைய எங்கள் சனம். அக்காவின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்துவிட்டு, மோதகத்தோடு கோயிலிலிருந்து நேரே வந்திருந்தார்கள்.

"இவ்வளவு வரவேற்பா!" என்று ஷெஃபின் பூரித்துப்போனார். பக்கத்தில் நின்ற, அக்காவின் பழைய நோயாளி ராசன் அண்ணையிடம், இந்தப் பயிற்சியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். ஆனால் ஹோட்டல் குசினிகளில் சமைத்தே காலம் தள்ளிய ராசன் அண்ணை தானே ஜெர்மனில் தொடங்கிவிட்டார். நல்ல பிள்ளையாம். சோதனைதான் சரிவருகுதில்லையாம். கடவுளிடம் சொல்லியிருக்கிறார்களாம். பாஸ் பண்ணும்வரை எல்லோரும் வேறு டொக்டரிடம் போகிறார்களாம்.

ஷெஃபின் என்னைப் பார்த்தார். நான் மோதகத்தைப் பார்த்தேன்.

"இவர் என்ன சொல்கிறார்?"

"எனக்கும் விளங்கேல்லை" என்றேன், பதற்றத்தில் தமிழில்.

சுவரொட்டி அன்றே இறங்கியது. கொஞ்ச நாளில் அக்கா பயிற்சியை முடித்துச் சான்றிதழை மாட்டினாள். போன நோயாளிகள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். ராசன் அண்ணை கேக் வாங்கிவந்து, "ஒருமாதிரிப் பாஸ் பண்ணிட்டாய். இனிப் படிச்சுக் கஷ்டப்படாதை" என்று வாழ்த்தினார். பெயிலானது நான் மட்டும்தான்; தகுதிகாண் காலத்தோடு என் வேலை போயிற்று.

அதிலிருந்து அக்கா பயிற்சிக்குப் போகும் நாட்களில், சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று நோயாளிகளிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். எங்கள் வீட்டிலும் சோதனைக்குக் கல்யாணம் என்றே பெயர் வந்துவிட்டது. போன மாதம் ராசன் அண்ணை என்னைக் கடையில் கண்டு தோளில் கைவைத்தார்.

"உங்கட குடும்பத்திலை வருசா வருசம் எத்தினை கல்யாணம்! உனக்கு மட்டும் ஏன் தம்பி இன்னும் ஒண்டும் சரிவரேல்லை?"

அடுத்த வெள்ளி என் பெயருக்கு அர்ச்சனையாம்.