தேவாங்கு டாக்டர் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிய கதை

ஒரு காட்டில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் இருந்தது. கருவேலங்காட்டு மருத்துவப் பல்கலைக்கழகம் என்று பெயர். அங்கே பட்டம் வாங்கும் மிருகங்கள் வாங்கிய கையோடு மூட்டை கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விடும். கருவேலங்காட்டில் ஒரு முயலுக்குச் சளி பிடித்தால் பார்க்க நாதியில்லை. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் எந்தக் காட்டில் தடுக்கி விழுந்தாலும் நம் பல்கலைக்கழகத்து டாக்டர் ஒருவர் ஓடிவந்து தூக்கிவிடுவார். இதைவிடப் பெருமை உண்டா, சொல்லுங்கள்.

அப்படிப் போனவர்கள் எல்லாரும் சேர்ந்து கடல் கடந்த முன்னாள் மாணவர் சங்கம் என்று ஒன்று வைத்து, மாதம் தவறாமல் ஒரு செய்திமடல் போட்டார்கள். அதற்கு ஆசிரியர் மயில். அவரும் டாக்டர்தான், ஆனால் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. மடலில் முதல் பதினைந்து பக்கமும் சாதனைகள். நரி டாக்டர் உலக மாநாட்டில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டார், படம் உள்ளே. காட்டுப்பன்றி டாக்டரின் மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். குரங்கு டாக்டர் மாரத்தான் ஓட்டத்தில் கலந்துகொண்டார். ஓடி முடித்தாரா என்பது பற்றித் தகவல் இல்லை. கடைசிப் பக்கம் மட்டும் இரங்கல் செய்திகளுக்கு.

தேவாங்கு டாக்டர் அழகேசனின் பெயர் பத்தொன்பது வருஷத்தில் ஒரு முறைகூட அந்த மடலில் வந்ததில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம். மனிதர், இல்லை இல்லை, தேவாங்கு, பனிக்காட்டின் ஒரு மூலையில் கிளினிக் வைத்துக்கொண்டு அணில் குட்டிகளுக்கும் முயல் குட்டிகளுக்கும் இருமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வட்டாரத்தில் வேறு டாக்டரே கிடையாது. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் வரிசை நிற்கும், சாயங்காலம் மூடும்போதும் நிற்கும். இதில் எங்கே போய் மாரத்தான் ஓடுவது?

பெயர் வரவில்லையே என்ற ஏக்கமும் அவருக்கு இல்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு காகிதம். கடலுக்கு அந்தப் பக்கத்துக் காடுகளில் எல்லாம் வந்ததுபோல, பனிக்காட்டு மருத்துவக் கவுன்சிலிலும் புதிதாக ஒரு விதி வந்திருந்தது: ஏழு வருஷத்துக்கு ஒரு முறை டாக்டர்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு, இவர் எங்களிடம் படித்தவர், ஒழுங்கானவர், இவர்மேல் புகார் ஏதும் இல்லை என்று படித்த இடத்திலிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த நாளிலிருந்து ஒரு அணிலை நாக்கை நீட்டச் சொல்லக்கூட அவருக்கு உரிமை கிடையாது. கிளினிக்கைப் பூட்டிவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு பனிக்காட்டை விட்டே கிளம்ப வேண்டியதுதான்.

அவரும் சும்மா இருக்கவில்லை. பல்கலைக்கழகப் பதிவாளர் எருமைக்கு நாலு தடவை விண்ணப்பித்தார். முதல் தடவை, ஏழாம் எண் படிவத்தில் எழுதுங்கள் என்று பதில் வந்தது. எழுதினார். ஏழாம் எண் படிவத்தை நிறுத்தி நாளாகிறது என்று பதில் வந்தது. மூன்றாம் தடவை நேரில் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நாலாம் தடவை பதிலே வரவில்லை. போன் செய்து கேட்டதற்கு, சர்வர் படுத்துவிட்டது, எழுந்ததும் சொல்கிறோம் என்றார்கள். கெடு வெள்ளிக்கிழமை. அதற்கு இன்னும் இரண்டே வாரம். தேவாங்குக்குச் சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே அந்த உடம்பில் இளைக்க என்ன இருக்கிறது, பாவம்.

அவர் மனைவி மங்கையர்க்கரசி விவரமானவர். தெரிந்த முகமாக இருந்தால்தான் எருமை தலையை நிமிர்த்திப் பார்க்கும் என்று அவருக்குத் தோன்றியது. செய்திமடலில் ஒரு படம் வந்தால் போதும், வேலை தானாக நடக்கும் என்று கணக்குப் போட்டார். கணவரிடம் சொன்னால் வேண்டாம் என்பார் என்று சொல்லாமலே மயிலுக்கு ஒரு படம் அனுப்பினார். போன மாதம் இரத்த தான முகாமைத் தொடங்கி வைத்தபோது எடுத்த படம் அது. கழுத்தில் சம்பங்கி மாலை, முன்னால் எரிகிற குத்துவிளக்கு. சிரிக்கச் சொன்னால் தேவாங்குகளுக்குச் சிரிக்க வராது, நேரே வெறித்துப் பார்க்கும். படத்தின் கீழே, பத்தொன்பது வருஷம் ஓயாமல் உழைத்தார், ஒருவர் மனதையும் நோகடித்ததில்லை என்று எழுதினார்.

மயில் அதைப் பார்த்தார். மாலை இருக்கிறது. விளக்கு எரிகிறது. கண்ணில் அசைவில்லை. விருது பற்றி ஒரு வரி இல்லை, பதவி பற்றி ஒரு வரி இல்லை, நல்லவர் என்று மட்டும் இருக்கிறது. எத்தனை வருஷமாக மடல் நடத்துகிறவர், இப்படி எழுதினால் எந்தப் பக்கத்துக்கு என்று அவருக்குத் தெரியாதா? ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் போட்டார்.

மடல் வந்தது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு கும்பிடுகள் விழுந்தன. நரி டாக்டர், நானும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் என்று நாலு பத்தி எழுதியிருந்தார். விடுதியில் நரி ஒரு நாள்கூட இவரிடம் பேசியதில்லை. ஆனாலும் தேவாங்கு அதை இரண்டு தடவை படித்தார். நம்மை இத்தனை பேருக்குப் பிடிக்கும் என்று தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மங்கையர்க்கரசிக்கோ குற்றவுணர்ச்சி தாங்கவில்லை, படம் அனுப்பியதை ஒப்புக்கொண்டு, மயிலுக்குப் போன் போடுங்கள் என்று நச்சரித்தார்.

"ஐயா, நான் அழகேசன் பேசறேன். நான் சாகலை."

மயில் சங்கடப்பட்டார். மறுப்புச் செய்தி போடலாம், ஆனால் விதிப்படி உயிரோடு இருப்பதற்கான சான்று வேண்டும் என்றார். அதை யார் தருவார் என்று கேட்டதற்கு, பல்கலைக்கழகப் பதிவாளர்தான், ஒரு விண்ணப்பம் போட்டுவிடுங்கள் என்றார். தேவாங்கு போனை வைத்துவிட்டார்.

இதற்கிடையில் கருவேலங்காட்டில் என்ன நடந்தது தெரியுமா? பல்கலைக்கழகம் அவருக்கு இரங்கல் கூட்டம் ஏற்பாடு செய்தது. துணைவேந்தர் சிங்கமே வருகிறார். வாழ்க்கைக் குறிப்பு வாசிக்க வேண்டுமே என்று அவருடைய கோப்பைத் தேடி எடுத்தார்கள். அதிலே நாலு விண்ணப்பங்கள் வரிசையாக இருந்தன. பதிவாளர் எருமை அப்போதுதான் அவற்றை முதல் முறையாகப் படித்தார். படித்ததும் மனம் கரைந்துவிட்டது. வேலைவாய்ப்பு கேட்கவில்லை, சிபாரிசு கேட்கவில்லை, நான் நல்லவன் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று நாலு தடவை கெஞ்சியிருக்கிறான் பிள்ளை, கொடுக்காமல் இருந்துவிட்டோமே என்று கூட்டத்திலேயே விம்மி அழுதார். படிவம் இல்லை, கையெழுத்துக்கு நேரில் வர ஆள் இல்லை, ஆனாலும் அன்று மத்தியானமே சான்றிதழ் தயாரானது. தங்கக் கரை போட்டு, மூன்று முத்திரை குத்தி, நாரை கூரியரில் அவசரம் என்று எழுதி அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை காலை அது தேவாங்கின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மறைந்த டாக்டர் அழகேசன் கடைசி மூச்சுவரை மிக ஒழுக்கமானவர், அன்னார்மேல் புகார் எதுவும் இல்லை, இனி வரவும் வாய்ப்பில்லை என்று அழகான எழுத்தில் இருந்தது. தேவாங்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பொய்ச் சளிச் சான்றிதழ்கூட எழுதிக் கொடுக்காத ஆள். இதை எப்படி எடுத்துக்கொண்டு போவது என்று குழம்பினார்.

"போட்டிருக்கிறது தப்புதாங்க," என்றார் மங்கையர்க்கரசி. "ஆனா சீல் சரியா இருக்கு."

வாசலில் இருமல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போகாவிட்டால் அந்தக் குட்டிகளை யார் பார்ப்பார்கள்? வெள்ளிக்கிழமை தேவாங்கு கவுன்சிலுக்குப் போய் வரிசையில் நின்றார். கவுண்டரில் வெள்ளைக் கரடி. தேவாங்கு காகிதத்தை நீட்டினார். பொய் சொல்ல மனம் வரவில்லை. இதில் இருக்கும் டாக்டர் நான்தான், நான் சாகவில்லை, மாலை போட்ட படத்தைப் பார்த்துத் தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

கரடி பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் படிவத்தை எடுத்துப் பதினெட்டுக் கேள்விகளையும் விரல் வைத்துப் பார்த்தார். பெயர் சரி. பட்டம் சரி. முத்திரை ஒன்றுக்கு மூன்று. புகார் இல்லை.

"உயிரோட இருக்காரான்னு இதுல கேள்வி இல்லீங்களே," என்றார். "ஒண்ணு சொல்லட்டுமா? உயிரோட இருக்கிறவங்களுக்கு நாங்க ஏழு வருஷம்தான் கொடுப்போம். நாளைக்கே புத்தி மாறலாம் பாருங்க. உங்களுக்கு இனி அந்தக் கவலை இல்லை. கடைசி வரைக்கும் ஒழுக்கமானவர்னு உங்க பல்கலைக்கழகமே எழுதிடுச்சு. நீங்க இனிமே புதுப்பிக்கவே வர வேண்டாம்."

டப்பென்று முத்திரை விழுந்தது. தேவாங்கு அன்று சாயங்காலமே ஒரு அணில் குட்டியை நாக்கை நீட்டச் சொன்னார். சந்தோஷத்தில் அவருக்கே இருமல் வந்தது.

விஷயம் சங்கத்தில் பரவ எத்தனை நாளாகும்? அடுத்த மாதச் செய்திமடலில் சாதனைப் பகுதி அரைப் பக்கமாகச் சுருங்கிவிட்டது. மீதி பக்கமெல்லாம் இரங்கல். மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூறு டாக்டர்கள், எல்லாரும் நல்லவர்கள், யாரும் யாரையும் நோகடித்ததில்லை. கருவேலங்காட்டில் எருமை அழுது அழுது ஓய்ந்துபோய், ஒரே நாளில் அத்தனை பேருக்கும் கையெழுத்துப் போட்டார். உயிரோடு இருந்த மிச்சம் இருபத்திரண்டு பேர் இன்னும் ஏழாம் எண் படிவத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நீதி: நல்லவன் என்று அலுவலகத்தில் எழுதி வாங்க வேண்டுமானால் முதலில் செத்துப் போ, மற்ற தகுதிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.