திருத்தித் தர்றோங்க

அன்புள்ள மச்சான் பூபாலன் அவர்களுக்கு,

திருப்பூரிலிருந்து நாச்சிமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கச்சி சாரதாமணியும் நானும் சௌக்கியம். தாராபுரத்தில் நீங்களும் மாடுகன்றும் சௌக்கியமாக இருக்க முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

பெருமையடிக்க இதை எழுதவில்லை. போன மாதம் கல்யாணப் பந்தியில், "மாப்பிள்ளை, ருஷ்யனும் பல்கேரியனும் படிச்சு உங்க மக மதுமதி என்னத்தைங்க கண்டா?" என்று சாம்பார் ஊற்றுகிறவர் வரை காதில் விழும்படி கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்ல மட்டுமே எழுதுகிறேன்.

மதுமதியின் சிநேகிதி மிலேனா பல்கேரியாவிலிருந்து வந்து பதினொரு நாளாக நம் வீட்டில் இருக்கிறார். இருவரும் அந்தப் பக்கத்து மொழிகளை ஆராய்கிறவர்கள், ஆறு வருஷமாக ஒரே புத்தகத்தைச் சேர்ந்து எழுதுகிறார்கள். வெள்ளைக்கார முகத்தைக் கண்டதும் பனியன் வாங்க வந்த பையர் என்று நினைத்து வீதியே சாம்பிளோடு வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு சீனிச்சாமி ஜட்டி எலாஸ்டிக்கை இழுத்துக் காட்ட, மிலேனாவும் மரியாதைக்கு இழுத்துப் பார்த்து "குட்" என்றார், அதை விடுங்கள், முந்தாநாள் காலையில் இட்லி ஆறுகிறது, இருவரும் ருஷ்ய மொழியில் மேசையைத் தட்டித் தட்டிச் சண்டை. ஆறு வருஷச் சிநேகிதம் நம் வீட்டு மேசையிலா முறிய வேண்டும் என்று எழுந்துவிட்டேன். இருபத்தாறு வருஷம் பனியன் கம்பெனி செக்கிங்கில் நின்றவன், பையர் குரல் உயர்ந்தால் என் வாய் தானாகப் பேசிவிடும். கையைக் கட்டிக்கொண்டு மிலேனா முன்னால் போய், "சாரி மேடம், எங்க சைடு மிஸ்டேக். திருத்தித் தர்றோங்க" என்றேன்.

மதுமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, நாங்க சண்டை போடலீங்க. பேசிட்டிருக்கறோம்."

மிலேனா எழுந்து நின்று நிதானமாக ஆங்கிலத்தில் விளக்கினார். ஒரு பழைய ஏட்டை ஒரே ஆள்தான் எழுதினார் என்று அவரும் அவருடைய பேராசிரியர்களும் சொல்கிறார்களாம். இல்லை, பாதியில் எழுதிய கை மாறியிருக்கிறது என்று மதுமதி ஒருத்திதான் சொல்கிறாளாம். எப்படித் தெரியும் என்று கேட்டால், ஒரு பனியனை இரண்டு டெய்லர் தைத்திருந்தால் அப்பா தையலைப் பார்த்தே சொல்லிவிடுவார், அதைப் பார்த்து வளர்ந்தவள் நான் என்கிறாளாம். "இன்றைக்கு நான் தோற்றுவிட்டேன். உங்கள் மகள் சொல்வதுதான் சரி" என்றார். சரியாகச் சொன்ன பிள்ளைக்காக நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், மச்சான். கண் கலங்கிவிட்டது. சட்னியில் காரம் என்று சாரதாமணியிடம் சொல்லிச் சமாளித்தேன்.

பந்தியில் இருந்த எல்லாருக்கும் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டவும். ஜெயசுதா அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
பெருமை துளியும் இல்லாத
நாச்சிமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மதுமதி வந்து நிற்கிறாள். ஏட்டின் மற்றப் பக்கங்களையும் பார்த்தாளாம், எழுதியது ஒரே ஆள்தானாம், தான் சொன்னது தப்பாம். மிலேனா விடவில்லை, இரண்டு கைதான் என்று இப்போது அவர் மேசையைத் தட்டுகிறார். இட்லி மறுபடியும் ஆறுகிறது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மச்சான், இந்தக் கடிதத்தை மட்டும் திருத்தித் தர மாட்டேன். அப்படியே வாசியுங்கள்.