கண்ணை மூடினால் தெரியும் ஊர்

வாசகரே, மனிதர்களில் 'இருந்துச்சுக்காரர்' என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் காண்பது எளிது. விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள், "ஒரு எட்டு போயி ஊரப் பாத்துட்டு வந்துடலாம்" என்பார். பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள். இருப்பதைக் காட்டுகிறவர் அல்லர் அவர்.

வெண்பள்ளம் சபாபதி இந்த இனத்தின் திலகம். வெண்பள்ளம் எங்கே என்கிறீர்களா? வடலூர் பஸ்கள் எந்த இடத்தில் வேகத்தைக் கூட்டுகின்றனவோ, அங்கே. ஒரு காலத்தில் பீங்கானுக்கு வெள்ளைக் களிமண் எடுத்த சுரங்கம் அங்கே இருந்தது. வரிசையாக லாரிகள் நின்றன. கேண்டீனில் போண்டாவுக்கு அடிதடி நடந்தது. இப்போது மிச்சம், தண்ணீர் தேங்கிய பெரும்பள்ளமும் அதில் ஊறும் எருமைகளும் சபாபதியும்தான்.

மகள் கயல்விழியைப் பெண் பார்க்க வந்த இரண்டு இடத்தாரும் இந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். ஆகவே, கடலூர் முதுநகரிலிருந்து மூன்றாவது இடம் வந்த ஞாயிற்றுக்கிழமை, மனைவி சௌந்தரம் காலையிலேயே விரலை நீட்டினாள்.

"பையனுக்கு சிப்காட்டுல வேல. பொண்ணு போட்டோவப் பாத்தே சரின்னுட்டா. இன்னிக்கு பள்ளம் கிள்ளம்னு வாயத் தொறந்தீங்க..."

"நான் ஏன்டி தொறக்கறேன்?"

காப்பி வரும்வரை திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா தேவநாதன்தான், "ஊரு அமைதியா இருக்குதே" என்று சொல்லித் தொலைத்தார். அமைதியா! மனுஷன் எவ்வளவுதான் பொறுப்பார்? பஜ்ஜி தட்டிலேயே ஆறியது. பட்டுப்புடவைப் பெண் உட்பட மொத்தக் கூட்டமும் பள்ளத்தின் கரையில் நின்றது.

"எல்லாரும் கண்ண மூடிக்கங்க" என்று தாமும் மூடிக்கொண்டார் சபாபதி. "தொறந்திருந்தா ஒண்ணும் தெரியாது. வலது பக்கம் கிரேன், தெரியுதா? சங்கு ஊதுது, ஊஊஊ! ஷிப்ட் விடுது. லாரி வருது, ஒதுங்குங்க!"

தேவநாதன் மெய்யாகவே ஒதுங்கினார். 'சளக்' என்றது. சபாபதி கண்ணைத் திறந்தபோது சம்பந்தம் முழங்கால்வரை சேற்றில் நின்றது. ஓர் எருமை மரியாதையாக நகர்ந்து இடம்விட்டது. போச்சு! மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

சேற்றில் நின்றபடியே தேவநாதன் கேட்டார்: "இதுவா பெருசு? எங்க தெருமொனையில ஐஸ் பேக்டரி இருந்துச்சு. இப்ப வெறும் செவுரு. உங்களுக்காவது பள்ளம் மிச்சம்!"

"செவுரு பள்ளத்துக்கு ஈடாவுமா?"

"கண்ண மூடிப் பாத்துட்டுப் பேசுங்க மச்சான்!"

மச்சான் என்றாரே! சபாபதி குனிந்து கைகொடுத்தார்.

பெரியவர்கள் கண்ணை மூடியிருந்த நேரத்தில், கரையோரப் புங்கமரத்தடியில் வேறொரு பேச்சு முடிந்திருந்தது. "உங்களுக்கும் இந்த 'இருந்துச்சு' வியாதி உண்டா?" என்று கயல்விழி கேட்டாள். "ஐயோ, ஐஸ் பேக்டரின்னாலே எனக்குக் குளிர்ஜுரம்" என்றான் மாப்பிள்ளை பூவரசன். அவ்வளவுதான், கல்யாணம் நிச்சயம்.

அது நடந்து வருஷங்கள் ஆயின. சென்ற மாதம் கயல்விழி, பூவரசன் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். தம்பதி அவரை வெண்பள்ளத்துக்கு அழைத்துப்போய்க் கரையில் நிறுத்தி, வெற்றிடம் ஒன்றைக் கைகாட்டினார்களாம்: "இங்கதாங்க ஒரு புங்கமரம் இருந்துச்சு. கண்ண மூடிக்கங்க!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நேற்று வழி கேட்ட ஆளிடம், "டாக்கீஸ் இருந்துச்சுல்ல, அங்க திரும்புங்க" என்று சொல்லி அனுப்பினீர்களே, அந்தப் பாவி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.