நீஷுக்குள் ஒரு சின்னப் பெட்டி

"அது இங்க இருக்கக் கூடாது ஷுக்ரி. நாலு பேர் வந்து உக்கார்ற கூடத்துல டப்பா, ஒயரு, மினுக்குற விளக்கு... இது வீடா, விமான நிலையமா?"

இன்சாஃப் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். டிவிக்குக் கீழே, ஷுக்ரி ஒரு மாதமாகப் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திய கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. சினிமா, பந்தாட்டம் எல்லாவற்றையும் இனி அதில்தான் பார்ப்பதாகத் திட்டம். பார்ப்பதைவிட முக்கியம், வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு வரும் சகலை ஹம்தி வயிறெரிய வேண்டும். வளைகுடாவிலிருந்து அந்த ஆள் ஒரு சுவர் அகல டிவியைக் கொண்டுவந்து இறக்கிய நாளிலிருந்து ஷுக்ரிக்குத் தொண்டையில் ரொட்டி இறங்கவில்லை.

"இன்னும் சின்னதாப் பண்ணிடறேன் கண்ணே."

"பண்ணு. கண்ணுல படக் கூடாது, காதுல விழக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலேன்னா, பழைய சாமான் வண்டிக்காரனைக் கூப்பிட்டு நானே தூக்கிக் குடுத்துடுவேன்."

சொன்னதோடு நிற்காமல், ஒரு பின்னல் விரிப்பைப் பெட்டியின் மேல் போர்த்தி, அதன்மேல் பூச்சாடியும் வைத்தாள். அரை மணியில் கம்ப்யூட்டர் மூச்சு முட்டி அணைந்தது.

ஷுக்ரி கடைத்தெருவுக்கு ஓடினான். பாதி அளவில் ஒரு பெட்டி வாங்கிவந்து, எல்லாவற்றையும் அதற்குள் திணித்தான்.

"சின்னதுதான். ஆனா எதுக்கு இப்படிக் கத்துது?"

"விசிறி சின்னதாச்சே, வேகமாச் சுத்தணும்."

"வெளிய போய்ச் சுத்தச் சொல்லு."

விசிறியையே கழற்றினான். அதற்குப் பதிலாக அலுமினியப் பட்டைகளை வைத்துக் கட்டினான். இப்போது பெட்டி ரொட்டி அளவுக்குச் சுருங்கி, சத்தமே இல்லாமல் ஓடியது. கொதித்துக்கொண்டும் இருந்தது. இன்சாஃபின் மெருகு போட்ட மேஜையில் நாலு மூலையும் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு சதுரத் தழும்பு விழுந்தது.

"ஐயோ என் மேஜை!"

இனி ஒளித்துவைக்க டிவிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம். நீஷ்.

நீஷ் என்றால் இன்சாஃபின் சீதனமாக வந்த கண்ணாடி அலமாரி. உள்ளே அவள் அம்மா கொடுத்த பீங்கான் செட்டு: தங்க விளிம்பு போட்ட பன்னிரண்டு கோப்பை, தேநீர்க் கெண்டி, ஒரு பெரிய சூப் பாத்திரம். இருபத்திரண்டு வருஷத்தில் அதில் ஒருவரும் ஒரு மிடறு குடித்ததில்லை. கெய்ரோவில் எந்த வீட்டில்தான் குடித்தார்கள்? ஆனால் மற்ற வீடுகளில் பெருநாளுக்காவது கதவைத் திறந்து காட்டுவார்கள். இன்சாஃப் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு திரிந்தாள்.

"நீஷ்ல ஒரு ஓரமா..." என்று ஆரம்பித்தான்.

"ஷுக்ரி! அதுக்குள்ள உன் விரல் பட்டுச்சுன்னா பெட்டி மட்டுமில்ல, நீயும் அந்த வண்டியிலதான் போவே."

வியாழக்கிழமை இன்சாஃப் மீன் வாங்கப் போன நேரத்தில், ஷுக்ரி நீஷை ஒரு சாண் நகர்த்தி, பின்பலகையில் ரம்பத்தால் ஒரு சதுரம் அறுத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியை உள்ளே தள்ளி, சூப் பாத்திரத்துக்குப் பின்னால் நிறுத்தினான். ஒரு கோப்பைகூட அசையவில்லை. அலமாரியைச் சுவரோடு தள்ளிவிட்டுப் பார்த்தால், பெட்டி கண்ணுக்கும் தெரியவில்லை, காதுக்கும் கேட்கவில்லை. நடுக்கூடத்தில் தனியாக ஒரு குதி குதித்தான்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஹம்தி, மனைவி ஸுஹைரோடும் ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்போடும் வந்து சேர்ந்தான். விருந்தென்றால் கைக்கு உதவ வரும் உம்மு சாபிர் சமையலறையில் தேநீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான வருஷத்திலிருந்து அவள்தான் இந்த வீட்டுக்கு வேலைக்காரி.

திரையில் ஆட்டம் பளிச்சென்று ஓடியது. ஹம்தி டிவிக்குக் கீழே குனிந்தான், சோபாவுக்கு அடியில் எட்டிப்பார்த்தான், மெத்தையைத் தூக்கிப்பார்த்தான்.

"எங்கய்யா வச்சிருக்கே?"

"கண்டுபிடிங்க சகலை, கண்டுபிடிங்க!" ஷுக்ரிக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்க வீட்டுக்காரர் கைவேலை அப்படி," என்றாள் இன்சாஃப் தங்கையிடம். பிறகு அவன் காதருகே, "நிஜமா எங்க வச்சே?" என்றாள்.

"ரகசியம்."

இரண்டாம் பாதியில் 'டிங்' என்றது. யாரும் கவனிக்கவில்லை. மறுபடி 'டிங்'.

"உங்க பெட்டி மணியெல்லாம் அடிக்குதே சகலை," என்றான் ஹம்தி.

மூன்றாவது டிங்குக்கு எல்லாரும் திரும்பினார்கள். நீஷுக்குள், ஒருவரும் தொடாமலே, ஒரு கோப்பையின் காது கழன்று தட்டில் விழுந்தது. பக்கத்துக் கோப்பை நிதானமாக இரண்டாகப் பிளந்து சாய்ந்தது. கெண்டியின் மூக்கு மெல்லத் தலைகுனிந்து, யோசித்து, விழுந்தது.

"அக்கா! அம்மா குடுத்த செட்டு!" என்று அலறினாள் ஸுஹைர்.

இன்சாஃப் ஓடிப்போய் நீஷின் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கத்தினாள். "பாவி! பொத்திப் பொத்தி வச்சேனே! இருபத்திரண்டு வருஷமா ஒரு கீறல் விழாம வச்சேனே! நாசமாக்கிட்டியே!"

"சத்தியமா நான் எதையும் தொடலை! பின்னாடி ஒரே ஒரு ஓட்டைதான்... சூட்டுல பீங்கான் இப்படி உதிரும்னு எனக்கு எப்படித் தெரியும்?" ஷுக்ரி அலமாரியின் பின்பக்கம் கையைக் காட்டினான். ஹம்தி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அதுதான் ஷுக்ரிக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. "வண்டிக்காரனைக் கூப்பிடு. பெட்டியை நானே தூக்கிக் குடுத்துடறேன்."

"நீயும் கூடவே ஏறிக்கோ!"

அந்த நேரம் பார்த்துத் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள் உம்மு சாபிர். நீஷைப் பார்த்தாள். தட்டை மேஜையில் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு உடைஞ்சதை நாம ரெண்டு பேரும் உக்காந்து ஒட்டும்போதே சொன்னேனே மேடம், இந்தப் பசை சூடு தாங்காதுன்னு!"