மாமாவின் பாவும் என் பாரமானியும்

வெண்ணந்தூரில் மூன்று நாள் மழை பெய்யாமல் நான் பார்த்துக்கொண்டேன். நான்காம் நாள் அது என்னைக் கேட்காமல் பெய்துவிட்டது. அந்த ஒரு மழைக்காக என் சொந்தபந்தம் முழுவதும் இன்றுவரை என்னைத்தான் குற்றம் சொல்கிறது. சொல்லட்டும், நியாயம்தான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சேலத்தில் வாத்தியார் பயிற்சியில் இரண்டாம் வருஷம். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். வாத்தியார் ஆகப்போகிறவன் என்றாலே ஊரில் ஒரு மரியாதை. பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். விஞ்ஞானம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். காற்றுக்கு எடை உண்டு என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். (கண்ணைத் திறந்தால் மறந்துவிடும்.)

புரட்டாசியில் லீவு விடுவதற்கு முன் எங்கள் விஞ்ஞான வாத்தியார், ஆளுக்கொரு போதனைக் கருவியைக் கையாலேயே செய்து கொண்டுவந்து, அதை வைத்து மாதிரிப் பாடம் நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் பாரமானியைத் தேர்ந்தெடுத்தேன். புத்தகத்தில் படம் இருந்தது, வேலையும் குறைவு. செவ்வாய்ப்பேட்டையில் அலைந்து நீளக் கழுத்துள்ள கண்ணாடிப் புட்டி ஒன்று வாங்கினேன். கழுத்தில் பாதிவரை தண்ணீர் நிற்கும்படி அதை ஒரு தண்ணீர்க் கிண்ணத்தில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் பாரமானி தயார். வெளியே காற்றின் அழுத்தம் கூடினால் கிண்ணத்துத் தண்ணீர் அமுங்கும், கழுத்துக்குள் தண்ணீர் ஏறும். வெயில் அடிக்கும் என்று அர்த்தம். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் இறங்கும், மழை. ஒரு காகிதத்தில் மேலே ‘வெயில்’, கீழே ‘மழை’ என்று அழகாக எழுதிக் கழுத்தில் ஒட்டினேன். பரீட்சைக்கான பகுதி அந்தப் பக்கத்தோடு முடிந்தது. நானும் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன்.

லீவுக்கு வெண்ணந்தூரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா புருஷன், என் மாமா, தறி போட்டிருந்தார். புட்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டு மூன்று நாள் காலையில் ‘இன்றைக்கு வெயில்’ என்று தெருவுக்கே அறிவித்தேன். மூன்று நாளும் வெயில் அடித்தது. (அதற்கு முன் பத்து நாளும் வெயில்தான் அடித்திருந்தது, அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.) விடியற்காலையில் ஏறி நிற்கும் தண்ணீர் மத்தியானம் தானாக இறங்கிவிடும். கருவிக்கும் மத்தியான அலுப்பு இருக்கும் என்று அதற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுச் செங்கோடன், ‘வாத்தியாருங்க, நாளைக்குச் சந்தைக்குப் போலாமுங்களா?’ என்று கேட்கும் அளவுக்கு என் புகழ் வளர்ந்துவிட்டது.

நான்காம் நாள் மாமா தெருவில் பாவு போட்டார். நெசவு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன் நூல் முழுவதையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, வெயிலில் காயவைக்க வேண்டும். அந்த நூல் வரிசைதான் பாவு. இது வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட எட்டுச் சேலைக்கான பாவு. தீபாவளி வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேறு வழி கிடையாது. விடியும்போதே செங்கோடனும் இன்னும் நாலு பேரும் கைகொடுக்க வந்துவிட்டார்கள். கஞ்சி பூசி முடித்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. அரை மணி நேரம்தான். அப்புறம் போதமலைப் பக்கம் மேகம் கறுத்தது.

மாமா வானத்தைப் பார்த்தார். ‘சுருட்டிரலாங்க. கருக்கல் நமக்குத்தான் வருதாட்ட இருக்குது.’

‘ஈரத்தோட சுருட்டினா நூலெல்லாம் ஒட்டிக்குமுங்களே’ என்றான் செங்கோடன்.

‘ஒட்டினா ஒக்காந்து பிரிச்சுக்கலாம். மழைல கஞ்சி போயிருச்சுன்னா எதைப் பிரிக்கறது?’

எனக்கு இது போதாதா? உள்ளே ஓடினேன். புட்டிக்கு முன்னால் போய் நின்றதும் ஜன்னல் வழியாக ஜில்லென்று ஒரு காற்று வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணெதிரே தண்ணீர் விறுவிறுவென்று கழுத்தில் ஏறியது. மூன்று நாளில் இல்லாத ஏற்றம். தெருவுக்கு ஓடிவந்தேன்.

‘மாமா, சுருட்டாதீங்க. நல்லா ஏறுது. வெயில்தான்.’

அக்கா கஞ்சிச் சட்டியோடு நின்றிருந்தாள். ‘ஏஞ்சாமி, மேல பாத்தியா?’

‘மேகம் கண்ணுக்குத் தெரியுது அக்கா. காத்தோட அழுத்தம் கண்ணுக்குத் தெரியாது. அதைத்தான் கருவி காட்டுது.’

‘மழை வந்தா கண்ணுக்குத் தெரியுமல்ல?’

படிக்காதவளோடு என்ன பேச்சு என்று மாமா பக்கம் திரும்பிக்கொண்டேன். (அக்கா இப்போது இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த வரியை நான் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். மறைத்தால் இன்னும் மோசமாகிவிடும்.)

மாமா என்னைப் பார்த்தார். ‘உறுதியாச் சொல்றியா மாப்ள?’

‘உறுதிங்க மாமா.’

அவர் சுருட்டவில்லை. என் வார்த்தையை நம்பி ஒரு மனிதர் தன் வீட்டு அடுப்பைத் தெருவில் விட்டுவைத்தார்.

கால்மணி நேரத்தில் மழை கொட்டியது. தூறல், சாரல் என்ற முன்னறிவிப்பே இல்லை. எல்லோரும் தெருக்கோடியிலிருந்து சுருட்டத் தொடங்கினோம்; பாதித் தெரு வருவதற்குள் கஞ்சி வெள்ளையாக ஓடியது, அதோடு சிவப்புச் சாயமும் ஓடியது. என்னைத் திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. மாமா மட்டும் தலைத்துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டார்:

‘மாப்ள, உள்ள போய்ப் பாரு. இன்னும் ஏறுதா?’

போய்ப் பார்த்தேன். தண்ணீர் ‘வெயில்’ என்ற எழுத்தையும் தாண்டி நின்றது.

‘ஆமாங்க மாமா’ என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்று மத்தியானம் அக்கா கூடத்தில் உட்கார்ந்து ஒட்டிய நூலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் புத்தகத்துக்குள் முகத்தை மறைத்தேன். அப்போதுதான், பயிற்சிக்குச் சேர்ந்தபின் முதல்முறையாக, பரீட்சைக்கு இல்லாத ஒரு பக்கத்தைத் திருப்பினேன். அதில் இப்படி எழுதியிருந்தது: இந்த வகைக் கருவியில் புட்டிக்குள் காற்று அடைபட்டிருக்கிறது, சூட்டில் அது விரியும், குளிரில் சுருங்கும், அதனாலும் தண்ணீர் ஏறி இறங்கும், ஆகவே பக்கத்தில் ஒரு வெப்பமானி இல்லாமல் இதை நம்பலாகாது.

புட்டியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன். தண்ணீர் இறங்கியது. ஈரத்துண்டைச் சுற்றினேன். ஏறியது. மறுபடி பொத்தினேன், இறங்கியது. விடியல் குளிரில் ஏறி மத்தியானச் சூட்டில் இறங்கியதும் இதே கணக்குத்தான். மழைக்கு முன்னால் வந்த குளிர்காற்றை எனக்கு முன்பே அந்தப் புட்டி உணர்ந்து, மழை வருகிறது என்றுதான் கத்தியிருக்கிறது. அதன் கழுத்தில் ‘வெயில்’ என்று எழுதி ஒட்டியவன் நான்.

வெட்கத்தையும் மீறி ஒரு சந்தோஷம் வந்தது. அதுவரை விஞ்ஞானத்தில் எதுவும் எனக்குப் புரிந்ததே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மாமாவிடம் ஓடிப்போய்ப் புட்டியைப் பொத்தியும் நனைத்தும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

‘இதை நேத்தே படிச்சிருக்கலாமே மாப்ள.’

‘இது பரீட்சைக்கு இல்லீங்க மாமா.’

மாமா நூலைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். லீவு முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

முதலில் சுருட்டிய முனையில் மூன்று சேலை தேறியது. மற்ற ஐந்தையும் மாமா நெய்து முடித்தார். வெள்ளை முழுக்கச் சிவப்பு பரவி, எந்த வியாபாரியும் கையால் தொடவில்லை. அந்தத் தீபாவளிக்கு அக்கா வீட்டில் ராகிக் களிதான். அந்தச் சாயம் பரவிய சேலை ஒன்றில் எனக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் சேலத்தில், அந்தப் பாரமானியை ஏன் நம்பக்கூடாது என்று மாதிரிப் பாடம் நடத்தினேன். விஞ்ஞான வாத்தியார் ‘விளக்கம் நன்று’ என்று எழுதினார். உடை சுத்தமில்லை என்று அதற்குக் கீழேயே மார்க்கைக் குறைத்துவிட்டார்.

மீதிச் சேலைகளில் கஞ்சி நிற்காததால் துவைக்கத் துவைக்கப் பஞ்சுபோல ஆகிவிட்டன. தொட்டில் கட்ட அதைவிட நல்ல துணி கிடையாது. அக்கா பிள்ளைகள், என் பிள்ளைகள், இப்போது பேரப்பிள்ளைகள் என்று எல்லோரும் அதில் படுத்துத்தான் எழுந்தார்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை துணியை நனைத்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் முகம் சுளிப்பதில்லை. எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். அக்காதான் சொல்வாள்:

‘உடுங்க, வாத்தியாரு நனைச்சதுக்கு இவன் நனைச்சது ஒரு நனைப்பா?’