மேஜையை மீட்ட சூப்பர்வைசர்

இன்றைக்கு மேஜையை மீட்டே தீருவது என்று சூப்பர்வைசர் பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதத்தை வெளியே சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதுதான். சொல்லியிருந்தால் மனைவி காதில் விழுந்திருக்கும்.

பாட்டில் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். அடுத்தவன் செய்கிற வேலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதற்குச் சம்பளம். லீவு நாளில் வீட்டிலும் அதே உத்தியோகம்தான், சம்பளம் மட்டும் கிடையாது.

மேஜை என்றால் சாப்பாட்டு மேஜை. நாலு மாதமாக அதில் சாப்பாடு தவிர எல்லாம் இருக்கிறது. மனைவி கையால் நகை செய்து விற்க ஆரம்பித்ததிலிருந்து அது பட்டறை. நகத்தளவு பித்தளை இலைகள், சல்லடை மாதிரி துளை போட்ட பூக்கள், மிளகளவு வளையங்கள், மூன்று குறடு. போன வாரம் அவர் தட்டின் ஓரத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. விரட்டினார். போகவில்லை. பித்தளை. அன்றிலிருந்து ஃப்ரிட்ஜ் மேல் தட்டை வைத்து, நின்றுகொண்டே சாப்பிடுகிறார்.

காலையிலேயே ஆரம்பித்தார். இதெல்லாம் ஒரு வேலையா, எடுத்து மாட்டுவதுதானே, எங்கள் மெஷின் நிமிஷத்துக்கு நூறு மூடி போடுகிறது என்றார். வழக்கமாக இந்த இடத்தில் மனைவி கரண்டியை ஓங்குவாள். இன்று ஓங்கவில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சூப்பர்வைசர் சந்தேகப்படவில்லை.

"அப்போ நீங்களே ஒரு ஜோடி தொங்கட்டான் பண்ணுங்க. சாயங்காலம் கடைக்காரம்மா வர்றாங்க. உங்களுதை எடுத்தா மேஜை உங்களுக்கு. என்னுதை எடுத்தா எனக்கு."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் எப்பங்க மாறினேன்?"

கடைக்காரம்மா இரண்டு தெரு தள்ளித் துணிக்கடை வைத்திருப்பவர். மனைவி செய்கிற நகையெல்லாம் அந்தக் கடையில்தான் விற்கிறது.

வளையத்தின் வாயைப் பிளக்காதீர்கள், கதவைத் திறக்கிற மாதிரி பக்கவாட்டில் திருப்புங்கள் என்று சொல்லிவிட்டு மனைவி அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

யாராவது யோசனை சொன்னால் சூப்பர்வைசருக்குப் பிடிக்காது. வாயைப் பிளந்தார். வளையம் முட்டை வடிவத்துக்குப் போய், இனி மூடமாட்டேன் என்று நின்றுவிட்டது. அடுத்த வளையம் குறட்டிலிருந்து துள்ளி எங்கே போனது என்றே தெரியவில்லை. இலையைக் கையில் எடுத்து வளைத்தார். கொஞ்சம் அதிகமாகிவிட்டது. நிமிர்த்தினார். மறுபடி வளைத்தார். இரண்டு இலையாக வந்தது. இப்படி ஏழு இலை உதிர்ந்தது. மூன்று மணி நேரம் கழித்து அவர் உருவாக்கியிருந்ததை யார் காதிலாவது மாட்டினால், அவர்கள் போலீஸுக்குப் போகலாம்.

மணி நாலு. பக்கத்தில் மனைவியின் பிஸ்கட் டப்பா. மூடி சரியாக மூடவில்லை. திறந்து பார்ப்பது திருட்டு ஆகாது, மேற்பார்வை. அடியில், பஞ்சுக்குள் ஒரு ஜோடி இருந்தது. இலைமேல் இலை, அதன்மேல் இலை, நடுவில் பூ, கீழே ஐந்து சங்கிலி வால். எடுத்து வெளியே வைத்தார். தான் பெற்றதைக் குப்பைக்கூடையில் போட்டு, மேலே பேப்பர் போர்த்தி அடக்கம் செய்தார்.

மனைவி திரும்பி வந்தாள். பின்னாலேயே கடைக்காரம்மாவும் வந்தார். மனைவி சும்மா ஒற்றைப் பூ வைத்த ஜோடியை எடுத்து வைத்தாள். கடைக்காரம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூன்று இலை ஜோடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, யார் கை இது என்று கேட்டார்.

"என் கைதான்" என்றார் சூப்பர்வைசர்.

மனைவி தொங்கட்டானைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பெற்றவளுக்குப் பிள்ளை தெரியாதா? அவளோ முகமெல்லாம் சிரிப்பாக, இவருக்குள் இப்படி ஒரு கலைஞர் இருப்பது இத்தனை வருஷம் தெரியாமல் போச்சே என்றாள்.

"அப்ப இதே மாதிரி இருபது ஜோடி வேணும்ணே. வெள்ளிக்கிழமைக்குள்ள. நீங்களே பண்ணணும், வேற கை பட்டா எனக்குத் தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரம்மா போய்விட்டார்.

கதவு சாத்திய சத்தம் கேட்டதும் சூப்பர்வைசர் உண்மையைக் கக்கிவிட்டார்.

"அது நீ பண்ணினதுடி."

"தெரியுமே. போன வாரமே அந்தம்மா ஃபோட்டோ பாத்து இதைத்தான் கேட்டாங்க. என் ஒருத்தி கை பத்தாது, ஆள் வேணும்னேன். வீட்டுலயே ஒரு ஆள் சும்மாதானே இருக்காருன்னாங்க. அதான் டப்பாவைத் திறந்து வச்சிட்டுப் போனேன்."

அவர் குதித்தார். இது மோசடி, ஏமாற்று, தன்னால் முடியாது என்றார். மனைவி அமைதியாக ஃபோனை நீட்டினாள்.

"திருடினதுன்னு அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நம்பர் போட்டுத் தரட்டா?"

அவர் ஃபோனை வாங்கவில்லை.

"மேஜை உங்களுதுதான். யார் இல்லைன்னா? உக்காருங்க."

உட்கார்ந்தார். வேறு என்ன செய்வது? இலையைக் கரண்டிக் காம்பின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் உடையாமல் வளையும் என்று அவள் காட்டினாள். வளையத்தைக் கதவு மாதிரி திறந்தார், கதவு மாதிரி மூடினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசி வாலைக் கோத்து, கொக்கியை மாட்டி, மூன்று இலையும் ஆடுவதைப் பார்த்ததும் அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது. ஒன்று முடிந்தது, இன்னும் பத்தொன்பதுதான் பாக்கி என்று சமையலறைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

மனைவி வந்து, தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்குங்க. இது ஒரு காதுக்கு."