நட்சத்திரத்தை ஆட்டிவைத்த ஆள்

செர்ரோ கல்யாடோ மலை,
ஜூலை 19

அன்புள்ள எதெல்மிரா அக்காவுக்கும் மச்சானுக்கும்,

தம்பி எவாரிஸ்டோ மலையுச்சியிலிருந்து எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். என்னால் மற்றவர்கள்தான் சௌக்கியமில்லை.

காற்றின் ஆட்டத்துக்குத் தக்கபடி தானும் நெளிந்து நட்சத்திரப் படத்தைத் தெளிவாக்கும் புதுத் தொலைநோக்கிக் கண்ணாடி ஒன்றைச் சோதிக்கப்போகிறார்கள். எங்கள் மலையிலா, பக்கத்து மலையிலா என்று தீர்மானிக்க ஐந்து நிபுணர்கள் பத்து நாளாக இங்கே டேரா. கண்ணாடி வராவிட்டால் என் அளவுக் கோபுரத்தைப் பிரித்துவிடுவார்கள். நான் சில்யானில் உன் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிடுவேன். (மச்சான், பெருமூச்சு கேட்கிறது.) கோபுரத்தில் என்ன வேலை என்பாய். சின்னத் தொலைநோக்கி, அதன் மூக்கில் இரண்டு ஓட்டை. ஒரே நட்சத்திரம் இரண்டு புள்ளியாகத் தெரியும். அவை எவ்வளவு தள்ளாடுகின்றனவோ அவ்வளவு காற்று கெட்டிருக்கிறது. முதல் மூன்று ராத்திரியும் புள்ளிகள் செப்டம்பர் விழாவில் சிச்சா குடித்தவன் மாதிரி ஆடின. எங்கிருந்தோ சூடு கிளம்பிக் காற்றை ஆட்டுகிறது! சும்மா விடுவேனா? சமையல்கார எர்மின்தாவின் ரொட்டி அடுப்பை அணைத்தேன்.

"நட்சத்திரம் ஆடுனா என் அடுப்பு என்னய்யா பண்ணும், டான் எவாரிஸ்டோ? நேத்து ஏழு ரொட்டி உள்ள போனப்ப அது ஆடலையாக்கும்!"

அறைச் சூடேற்றிகளையும் நிறுத்தினேன். நிபுணர்கள் கம்பளிக்குள் சுருண்டு ஆறிப்போன பீன்ஸ் தின்றார்கள். அப்படியும் ஆட்டம் நிற்கவில்லை. நாலாம் ராத்திரி எங்கள் எஞ்சினியர் பெண் யெசேனியா, சூட்டைப் படம் பிடிக்கும் கேமராவைக் கீழிருந்து கோபுரத்தின் பக்கம் திருப்பினாள். நான் வழக்கம்போல ஏணியின் கடைசிப் படியில், தொலைநோக்கியின் மூக்குக்கு நேர் கீழே, போன்ச்சோப் போர்வைக்குள் இரண்டு வெந்நீர்ப் பைகளோடு காவல். வாக்கிடாக்கியில் கூப்பிட்டாள்.

"டான் எவாரிஸ்டோ, கண்டுபிடிச்சிட்டேன்! வெள்ளையா ஜொலிக்குது. கொஞ்சம் குண்டு."

"எர்மின்தா மறுபடி அடுப்பு மூட்டிட்டாளா?"

"அடுப்பு இல்லீங்க. வாக்கிடாக்கில பேசிக்கிட்டிருக்கு."

இறங்கிவிட்டேன் அக்கா. அதற்கப்புறம் ஆறு ராத்திரி, நட்சத்திரம் ஆணி அடித்த மாதிரி நின்றது. எர்மின்தா இன்னும் என்னோடு பேசவில்லை, போகட்டும். கண்ணாடி நமக்குத்தான்! பின்னறையை வாடகைக்கு விடுங்கள்.

அந்தகோயோ மாதா உங்கள் இருவரையும், மச்சானின் முழங்காலைத் தனியாகவும் காக்கட்டும்.

உன் தம்பி,
எவாரிஸ்டோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. நிபுணர்களின் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இப்படி அசையாத காத்தை நான் பார்த்ததே இல்ல! ஆட்டத்தை அடக்குற கண்ணாடிக்கு இங்க என்ன வேலை? பக்கத்து மலையில நல்லா ஆடுதாம், அங்க வைக்கிறோம்" என்றார். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பெட்டி மூன்று. மச்சானை நிலையத்துக்கு அனுப்பு.